ரொட்டிக் கடைக்காரர் காட்டிய பூங்கா

பூங்காவினால் ஊருக்கு என்ன வரும்படி? நல்ல காற்று வரும். பூ வாசனை வரும். மாலையில் குழந்தைகள் விளையாடப் போய்விட்டால் அம்மாவுக்கு அரைமணி நேர ஓய்வு வரும். பணம் வருமோ?

வரும் என்று கணக்குப் போட்டே பூங்கா வைத்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் என்று ஓர் ஊர். 1840-களில் அந்த ஊர் நிர்வாகிகள் பொதுப் பணத்தில் 226 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். பெரும்பாலும் சேறும் சகதியுமான பள்ளம். அதில் பாதிக்கு மேல் பூங்காவுக்கு ஒதுக்கி, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உலாவலாம் என்று வைத்தார்கள். பூங்காவைச் சுற்றியிருந்த மீதி நிலத்தை மனை மனையாக விற்றுச் செலவை ஈடுகட்டுவது என்பது ஏற்பாடு. தோட்டக்காரராக இருந்து முன்னுக்கு வந்த ஜோசப் பாக்ஸ்டன் அங்கே ஏரி வெட்டினார். வெட்டிய மண்ணைக் குவித்து அழகழகான மேடுகள் அமைத்தார். 1847 ஏப்ரலில் பூங்கா திறக்கப்பட்டது.

மூன்று வருஷம் கழித்து அமெரிக்க இளைஞர் ஒருவர், தம்பியோடும் நண்பரோடும் அந்த ஊருக்கு வந்தார். பசி வேளை. ஒரு ரொட்டிக் கடையில் நுழைந்து பன் வாங்கித் தின்றார்கள். கடைக்காரர் அவர்களைச் சும்மா விடவில்லை. புதிய பூங்காவைப் பார்க்காமல் ஊரை விட்டுப் போகவே கூடாது என்று வற்புறுத்தினார். வெளியூர்க்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் ஊரில் தங்கினால் கடைக்காரருக்கும் லாபம்தானே! ஆனால் அதற்காக மட்டும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்தத் தோட்டத்தைக் காட்டுகிற பெருமை அவருக்கு.

அந்த இளைஞர் பிரெடரிக் லா ஆம்ஸ்டெட். அப்போது அவருக்கு விவசாயம்தான் தொழில். ஏழையும் பணக்காரரும் ஒரே பாதையில் உலாவுவதைக் கண்டு வியந்து போனார். ஜனநாயகம் பேசும் தம்முடைய நாட்டில் இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கத்துடன் திரும்பினார். 1858-ல் கால்வர்ட் வாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வரைந்த படம்தான் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்காக நடந்த போட்டியில் பரிசு பெற்றது.

பூங்கா முழுவதும் முடியுமுன்பே, அந்த வருஷக் குளிர்காலத்தில் அதன் ஏரி உறைந்தது. ஜனங்கள் சறுக்கி விளையாட ஓடி வந்தார்கள். பெண்கள் கூச்சமின்றி விளையாடத் தனிக் குளமே உண்டு! ஊரெங்கும் ஸ்கேட் பைத்தியம் பிடித்தது; சறுக்கு மிதியடி விற்ற கடைகளுக்கு நல்ல காலம். பனி கெட்டியாக உறைந்த நாட்களில் குதிரை டிராம்களில் கொடி கட்டி விடுவார்கள். கொடியைக் கண்டதும் டிராமில் கூட்டம் ஏறும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அங்கிருந்த பால் விடுதி. அந்நாளில் நியூயார்க்கில் விற்ற பால், பாலே அல்ல. சாராய ஆலைக் கழிவைத் தின்று வியாதியில் கிடந்த மாடுகளின் பாலில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வெளுப்பாக்கி விற்றார்கள். அதைக் குடித்து ஆயிரக்கணக்கான சிசுக்கள் மாண்டன. ஆகவே பூங்காவுக்குள், தாய்மாரும் குழந்தைகளும் வந்து நல்ல பால் வாங்கிக் குடிக்க ஒரு விடுதி கட்ட வேண்டுமென்று திட்டமிட்டார்கள். 1870 வாக்கில் கட்டடம் எழுந்தது. பிற்காலத்தில் அது பார்வையாளர்களுக்கான இடமாக மாறிவிட்டது. மருந்துச் செலவில் எத்தனை குடும்பங்களுக்கு மிச்சமாயிற்றோ! அதற்கு யார் கணக்கு வைத்தார்கள்?

நிலத்துக்கு மட்டும் கணக்கு வைத்தார்கள். பூங்காவைச் சுற்றியிருந்த மூன்று வட்டாரங்களின் சொத்து மதிப்பு 1856-ல் சுமார் 2 கோடி 64 லட்சம் டாலர். 1873-ல் 23 கோடி 60 லட்சம்! வீட்டு வரியும் அதற்கேற்றாற்போல் உயர்ந்தது. பூங்கா தன் செலவைத் தானே சம்பாதிக்கிறது என்று ஆம்ஸ்டெட் இதை எடுத்துக் காட்டினார். நகரம் எப்படியும் வடக்கே வளர்ந்துகொண்டுதான் இருந்தது. எனவே அவ்வளவு பெருமையையும் பூங்காவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் மனை வைத்திருந்தவர்களுக்கு யோகம் என்பதில் சந்தேகமில்லை.

எல்லா மனைக்காரர்களுக்கும் அல்ல. பூங்கா வருவதற்கு முன்பு அதன் மேற்கு ஓரத்தில் செனகா கிராமம் என்று ஒன்று இருந்தது. 1825-ல் பூட்ஸ் துடைத்துப் பிழைத்த ஒரு நீக்ரோ வாலிபர் 125 டாலருக்கு மூன்று மனை வாங்கினார். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் வாங்கினார்கள். கறுப்பு மக்களும் பிற்பாடு ஐரிஷ்காரர்களுமாகச் சுமார் 225 பேர் குடியிருந்தார்கள். மூன்று மாதா கோயில்கள், ஒரு பள்ளிக்கூடம், சொந்த வீடுகள். அக்காலத்தில் கறுப்பர் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் சொத்து வேண்டும். ஆகவே ஒரு மனை என்பது அவர்களுக்கு வெறும் மனையல்ல.

1857-க்குள் அத்தனை பேரையும் வெளியேற்றி வீடுகளை இடித்து விட்டார்கள். நஷ்டஈடு கொடுத்தார்கள், போதாது என்று பலர் முறையிட்டார்கள். பதினைந்து வருஷம் பொறுத்திருந்தால் அவர்கள் மனை என்ன விலை போயிருக்கும்!

2011-ல் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டின் அஸ்திவாரம் அகப்பட்டது. அங்கே தேநீர் போடும் இரும்புக் கெட்டில் ஒன்றும், இறைச்சி வாட்டும் தட்டு ஒன்றும், ஒரு குழந்தையின் தோல் செருப்பின் அடிப்பாகமும் கிடைத்தன.