உப்பும் சர்க்கரையும் ஏறினால்தான் பரிசல் கிளம்பும்!

காவிரியின் ஒரு கரையிலே ஈரோடு. மறு கரையிலே பள்ளிபாளையம். நடுவிலே பாலம்.

நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரிலே எந்தத் தெருவுக்குப் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். காகித ஆலை இருக்கிறது. பக்கத்திலே ஓடப்பள்ளியில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சாயப்பட்டறைகளும் உண்டு. பருத்தி நூலிலே சாயம் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால், சாயத் தொட்டியிலே உப்பைக் கொட்ட வேண்டும். கொஞ்சநஞ்சம் அல்ல, மூட்டை மூட்டையாக!

ஆக, சர்க்கரையும் உப்பும் பள்ளிபாளையத்துக்குப் புதிய சரக்குகள் அல்ல.

இந்த இரண்டையும் சரியான அளவிலே நல்ல தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், வயிற்றுப்போக்கால் துவண்டு கிடக்கும் குழந்தை பிழைத்து எழுந்துவிடும். இது மந்திரம் அல்ல, மாயமும் அல்ல. மனித உடம்பிலே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு கதவின் ரகசியம்!

"தண்ணி குடுக்காதே!"

தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வயதுப் பையனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. ஐந்தாறு தடவை போய்விட்டது. பையன் சுருண்டு படுத்திருக்கிறான்.

"அம்மிணி, பையனுக்குத் தண்ணி குடுக்காதே. குடுக்கக் குடுக்க இன்னும் போகும். வயித்தைக் காயப் போடு" என்கிறாள் மாமியார்.

"நாக்கு வறண்டு கிடக்குதுங்க அத்தை" என்கிறாள் மருமகள்.

மாமியாருக்குப் பேரன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. குடிப்பதெல்லாம் வெளியே போவதைக் கண்ணால் பார்க்கிறாள். அதனால் அப்படிச் சொல்கிறாள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் அந்த நினைப்பு தவறு. வயிற்றுப்போக்கிலே குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சம்தான். உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது. நாடி தளர்கிறது. உயிர் பிரிகிறது.

அப்படியானால் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்தால் போதுமா? போதாது! காரணத்தை அறிய, முதலில் சமையலறைக்குப் போக வேண்டும்.

மாங்காய் சொல்லும் பாடம்

மாங்காயை நறுக்கி, உப்பைப் பிசறி, ஜாடியிலே போட்டு வைக்கிறார்கள். மறுநாள் மூடியைத் திறந்தால் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எங்கிருந்து வந்தது?

மாங்காய்க்குள்ளிருந்துதான்! வெளியே இருந்த உப்பு, உள்ளே இருந்த தண்ணீரை இழுத்துவிட்டது.

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் இதற்கு நேர்மாறு நடக்கிறது. திராட்சைக்குள்ளே சர்க்கரை அதிகம். ஆகவே வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே போகிறது. திராட்சை பருத்துவிடுகிறது.

உப்போ சர்க்கரையோ எந்தப் பக்கம் அதிகமாகக் கரைந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். இதுதான் விதி. மாங்காய்க்கும் இதே விதி, மனிதனுக்கும் இதே விதி.

உயிரணுவின் வேலி

வீடு செங்கல்லால் ஆனது போல, உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் அதன் வேலி.

அந்தச் சவ்வு எத்தனை மெல்லியது தெரியுமா? ஒரு மில்லி மீட்டரை லட்சம் கூறு போட்டால் வரும் ஒரு கூறைவிடவும் மெல்லியது!

சவ்வு கொழுப்பினால் ஆனது. இரண்டு அடுக்கு உள்ளது. எண்ணெயிலே உப்பு கரையாது, சர்க்கரையும் கரையாது. ஆகவே கொழுப்பு வேலியைத் தாண்டி இவை தாமாக உள்ளே போக முடியாது. கதவு வேண்டும்.

சவ்விலே அங்கங்கே அப்படிப்பட்ட கதவுகள் இருக்கின்றன. அவை புரதத்தால் ஆனவை. உப்புக்கு ஒரு கதவு, சர்க்கரைக்கு ஒரு கதவு என்று பல வகை உண்டு. தண்ணீருக்கென்றே தனி வழியும் உண்டு. அந்தத் தண்ணீர் வழியை 1992-ம் ஆண்டிலே அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஏகர் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு பேர், ஒரு துணை

காவிரியிலே பரிசல் ஓட்டுகிறவரைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆள் சேர்ந்தால்தான் அவர் துடுப்பைத் தொடுவார். நமது குடலிலும் அப்படி ஒரு பரிசல் இருக்கிறது!

சமையல் உப்பிலே சோடியம் என்ற பொருள் இருக்கிறது. சர்க்கரை வயிற்றுக்குள் போய்ச் செரிக்கும்போது குளுக்கோஸ் கிடைக்கிறது. குடலின் உட்சுவரிலே உள்ள உயிரணுக்களின் சவ்வில் ஒரு விசேஷக் கதவு இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அந்தக் கதவு அவற்றை உள்ளே கொண்டு போகும். குளுக்கோஸ் வராமல் சோடியம் மட்டும் வந்தால் பரிசல் கிளம்பாது. சோடியம் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் கிளம்பாது.

இந்த உண்மையை 1960-ம் ஆண்டு பிராக் நகரிலே நடந்த மகாநாட்டில் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

அக்கரை சேர்ந்த சோடியம் அங்கேயே குவிந்துவிட்டால் என்ன ஆகும்? மேலும் சோடியம் உள்ளே வராது. அதற்கும் உடம்பிலே ஏற்பாடு உண்டு. உயிரணுவின் மறு பக்கத்துச் சவ்விலே ஓர் இறைப்பு யந்திரம் ஓயாமல் வேலை செய்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே தள்ளிய சோடியம் ரத்தத்திலே போய்ச் சேருகிறது. டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூ 1957-ல் இதைக் கண்டறிந்தார். 1997-ல் நோபல் பரிசு பெற்றார்.

சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போன பிறகு, தண்ணீர் என்ன செய்யும்? மாங்காய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு போன பக்கம் தண்ணீரும் போகும். யாரும் இழுக்க வேண்டியதில்லை!

காலராவின் சூழ்ச்சி

வாந்திபேதி என்று ஊர்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அதுதான் காலரா. அந்தக் கிருமி ஒரு விஷத்தை உண்டாக்குகிறது என்பதை 1959-ல் கல்கத்தாவிலே சம்புநாத் டே என்ற டாக்டர் நிரூபித்தார்.

அந்த விஷம் குடல் உயிரணுவின் உப்புக் கதவுகளை வெளிப்புறமாகத் திறந்துவிடுகிறது. உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. பின்னாலேயே தண்ணீரும் கொட்டுகிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும்கூட வெளியேறும்!

ஆனால் காலரா விஷம் ஒன்றை மட்டும் கெடுப்பதில்லை. அதுதான் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து ஏறும் பரிசல். மற்ற வழிகள் குலைந்து கிடக்கும் நேரத்திலும் அந்தப் பரிசல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதிலே ஏற்றி அனுப்பினால் உப்பும் தண்ணீரும் உடம்பிலே சேர்ந்துவிடும்.

1968-ல் டாக்காவிலே டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் காலரா நோயாளிகளுக்கு இப்படிக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து வெற்றி கண்டார்கள். அதற்கு முன்பு ரத்தக் குழாயிலே ஊசி குத்தி ஸலைன் ஏற்றுவதுதான் முக்கியமான சிகிச்சை.

போங்கான் முகாமிலே

1971-ம் ஆண்டு. வங்காள தேச விடுதலைப் போர். உயிர் தப்பி ஓடி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்திலே லட்சக்கணக்கில் குவிந்தார்கள். எல்லைப்புற ஊரான போங்கானிலே காலரா புகுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே வேலை செய்தவர் டாக்டர் திலீப் மகாலனாபிஸ். ஏற்றுவதற்கு ஸலைன் போதவில்லை. ஊசி போடத் தெரிந்தவர்களும் போதவில்லை. அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

கல்கத்தாவிலே குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் எடை போட்டுப் பைகளில் அடைத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதுதான் கணக்கு. முகாமிலே பெரிய பீப்பாய்களில் கரைத்து, குழாய் வைத்தார்கள். தாயும் தந்தையும் அண்ணனும் அக்காளும் குவளையிலே பிடித்து நோயாளிக்குப் புகட்டினார்கள்.

சுமார் 3,700 பேருக்கு அங்கே சிகிச்சை நடந்தது. நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கிவிட்டது!

பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் இந்த முறையை நாடு நாடாகப் பரப்பியது. மகாலனாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

தமிழ்நாட்டுக்கும் இதிலே பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், எளிதில் செரிக்காத மாவுப் பொருளைக் கரைசலிலே சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறு குடலிலே செரிக்காத அந்த மாவு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் நல்ல கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. அதனால் பெருங்குடலும் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. பேதி சீக்கிரம் நின்றது. இந்த ஆராய்ச்சி 2000-ம் ஆண்டிலே வெளிவந்தது.

அளவு தவறினால் ஆபத்து!

"உப்பு நல்லது என்றால் இன்னும் ஒரு பிடி போட்டால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். கூடவே கூடாது!

சாயக் கழிவு நீரின் உப்பு இறங்கிய நிலத்தைப் பார்த்தால் இது விளங்கும். வரப்பு முட்டத் தண்ணீர் நின்றாலும் பயிர் வாடும். வேரின் உயிரணுவிலே இருப்பதைவிட வெளியே உப்பு மிகுந்துவிட்டது. ஆகவே வேரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை.

கரைசலிலே உப்போ சர்க்கரையோ மிகுந்தால் குழந்தையின் குடலிலும் இதே கதைதான். உடம்பிலே மிச்சமிருக்கும் தண்ணீரையும் அது குடலுக்குள் இழுத்துவிடும். பேதி கூடும். சோடா, கலர், இனிப்பு மிகுந்த ஜூஸ் ஆகியவற்றை மருந்தாகக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். உலக சுகாதார ஸ்தாபனமே 2002-ல் கரைசலின் உப்பையும் சர்க்கரையையும் முன்பைவிடக் குறைத்துவிட்டது.

செய்ய வேண்டியது என்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்திலே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். மருந்துக் கடையிலே வாங்கினால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுப்படி செய்தது என்று உறையிலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் நல்லது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பொட்டலம் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், தலை தட்டிய ஆறு டீ கரண்டி சர்க்கரை, அரை டீ கரண்டி உப்பு. இது போதும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் கொடுக்கலாம். அரிசியின் மாவும் குடலிலே குளுக்கோஸாகத்தானே மாறுகிறது!

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு தடவை வயிற்றாலே போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் விடாமல் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் கண் குழி விழுந்தால், சிறுநீர் வராவிட்டால், குடிக்கவே முடியாமல் சோர்ந்தால், மலத்திலே ரத்தம் கண்டால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே போகலாம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2024-ம் ஆண்டுக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள். அவர்களிலே பெரும்பாலோரைக் காப்பாற்றக்கூடிய பொருள் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது!

தறி வீட்டு மாமியாருக்கும் இந்தச் சங்கதி தெரிந்துவிட்டால் என்ன சொல்வாள்?

"அம்மிணி, உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டுக் கரை. நான் பையனை மடியிலே வெச்சுப் புகட்டறேன்" என்பாள்.

அவள் புகட்டும் ஒவ்வொரு கரண்டியிலும் பரிசல் கிளம்பும். தண்ணீர் அக்கரை சேரும். பேரன் பிழைப்பான்!