மாசி வெயிலும் இடக்கொச்சி மாவடுவும்

சென்னையிலிருந்து வரும் உறவினர்களுக்கு எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு செய்தியை விளக்க வேண்டியிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் வடாம் பிழியும் வழக்கம் கொச்சியில் செல்லாது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வைகாசி வெயிலை நம்பி அரிசியை ஊறவைக்கிறது. கொச்சியிலோ பங்குனி பாதியிலேயே மாலை நேரத்து இடிமழை தொடங்கிவிடும். சித்திரையில் அது வாடிக்கையாகிவிடும். ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழையும் வந்து நின்றுவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், காற்றிலேயே ஈரம் ஊறிக் கிடக்கும் கடற்கரையில், ஒரு வடாம் உள்ளும் புறமும் காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. அவை மாசி மாதத்தில் இருக்கின்றன. அவற்றைத் தவறவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் கடை அப்பளந்தான்.

நாங்கள் மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். அப்பா அங்காடித் தெருவில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் கணக்கெழுதி வந்தார். மாசி மாதத்தில் அந்தக் கிடங்கின் முற்றம் முழுவதும் சுக்கு காயும். மாலையில் அப்பா வீட்டுக்குள் நுழையும் முன்னரே அவர் சட்டையின் சுக்கு மணம் உள்ளே வந்துவிடும். எங்கள் தெருவின் ஒரு பக்கம் கொங்கணியர், மறுபக்கம் குஜராத்தியர், கோடியில் கச்சி மேமன் குடும்பங்கள். 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனையும் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும் நடந்து போகும் தொலைவில் இருந்தன. வெளியூரார் அவற்றைத்தான் பார்க்க வருவார்கள். எங்களுக்கோ அந்தத் தெருவில் பார்க்கத் தக்கது, எந்த வீட்டு முற்றத்தில் என்ன காய்கிறது என்பதே.

பாட்டிக்கு வானிலை அறிக்கையில் நம்பிக்கை இல்லை. வாரந்தோறும் துணி எடுக்க வரும் பெரியவரைத்தான் கேட்பாள். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் தோபிகானா இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுக்கும் இடம் அது. துவைக்கும் தொட்டிகளோடு இன்று காணும் கட்டடம் 1976-இல் கட்டப்பட்டது. துவைத்த வேட்டியைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி, கொடியில் முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே செருகிக் காயவைப்பார்கள். வெயில் இல்லாவிட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை. ஆகவே மேகத்தைப் படிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. “இன்னும் நாலு நாளைக்குப் பயமில்லை, ஆச்சி” என்று பெரியவர் சொன்னால் அன்றிரவே எங்கள் வீட்டில் அரிசி ஊறும். ஒரே கஞ்சி, ஒரே வெயில். அவருக்கு வேட்டி, எங்களுக்கு வடாம்.

மறுநாள் விடியுமுன் அடுப்பில் பெரிய வெண்கலப் பானை ஏறும். ஊறிய அரிசியை அரைத்து, ஜவ்வரிசியும் உப்பும் பச்சைமிளகாய் விழுதும் பெருங்காயமும் சேர்த்துக் கூழாகக் கிளறி, இறக்கிய பிறகு எலுமிச்சஞ்சாறு விடுவாள். கூழ் ஆறிவிட்டால் நாழியில் இறங்காது என்பதால் சூட்டோடு பிழிய வேண்டும். அம்மாவும் அத்தையும் பின்முற்றத்தில் பாயின் மேல் பழைய வேட்டியை விரித்துப் பிழிவார்கள். எதிர்வீட்டுக் கொங்கணி மாமியும் கேளாமலே வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் வீட்டுப் பலாக்காய் அப்பளத்துக்கு அம்மா போய் உட்கார வேண்டியது அடுத்த வாரம். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை காக்கை விரட்டுவது. அதற்குக் கூலி, பானையின் அடியில் ஒட்டிய கூழும் அதன்மேல் ஊற்றிய நல்லெண்ணெயும். மாலையில், மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் வடாமை யாரும் காணாமல் பிய்த்துத் தின்பது தனி. பொரித்த வடாமைவிட அதுவே உயர்ந்தது என்ற என் கருத்தை இத்தனை ஆண்டுகளாகியும் மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

வடாம் உள்ளூர்க் காரியம். மாவடுவுக்கோ இடக்கொச்சி போக வேண்டும்.

தோப்பும்படி, பள்ளுருத்தி தாண்டித் தெற்கே போனால் இடக்கொச்சி. அதற்கப்பால் காயல், காயலைக் கடந்தால் அரூர். அப்பாவோடு அதே கிடங்கில் வேலை பார்த்தவரின் வீடு அங்கே இருந்தது. நாங்கள் அவரைச் சேட்டன் என்போம். அவருடைய தாயை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே அம்மச்சி என்போம். வீட்டின் பின்புறம் காயலை நோக்கிச் சாய்ந்த ஒரு நாட்டுமாமரம். மாசி பிறந்ததும் சேட்டன் கிடங்கில் அப்பாவிடம், “கண்ணிமாங்கா ஆயி” என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி, அப்பா, நான் மூவரும் பேருந்தில் கிளம்பிவிடுவோம். பாட்டியின் மடியில் காலிப் பரணி. கழுத்து பழுப்பாகவும் வயிறு வெளுப்பாகவும் இருக்கும் அந்தப் பீங்கான் பரணியை நடத்துனர் முதற்கொண்டு எல்லோரும் பார்ப்பார்கள். பாட்டி யாரையும் பார்க்கமாட்டாள்.

மாவடுவைத் தரையில் விழவிடக் கூடாது. அடிபட்ட ஒரு வடு பரணி முழுவதையும் கெடுத்துவிடும். சேட்டனின் மகன், என் வயதுக்காரன், அணிலைப்போல ஏறிக் காம்போடு பறித்துக் கூடையில் போட்டுக் கயிற்றில் இறக்குவான். நான் கீழே நின்று வாங்குவேன். வடுவின் காம்பை உடைத்தால் தெறிக்கும் பால் கன்னத்தில் பட்டால் புண்ணாகும். இருவர் கன்னத்திலும் அந்தத் தழும்பு ஆண்டுக்கொன்று இருந்தது.

பறித்து முடித்ததும் அம்மச்சி எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பழங்கஞ்சி ஊற்றுவார். முதல்நாள் வடித்த சோறு, இரவெல்லாம் மண்கலயத்து நீரில் கிடந்து, மெல்லிய புளிப்பேறி இருக்கும். அதில் தயிர், கல்லுப்பு, நசுக்கிய காந்தாரி மிளகாய், தொட்டுக்கொள்ளச் சுட்ட தேங்காய்ச் சம்மந்தி. அந்தப் புளிப்பு கெட்டுப்போனதன் அடையாளமன்று. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சோற்றில் பெருகுவதால் வருவது. தயிர் புளிப்பதும் அவ்வகை நுண்ணுயிர்களாலேதான். மாசியில் நாங்கள் போகும் நாட்கள் பெரும்பாலும் கிறித்தவர்களின் தவக்காலத்தில் அமைந்துவிடும். காயற்கரையில் மீனில்லாத சமையலறை இருப்பது அந்த நாற்பது நாட்கள்தாம். எங்கள் பாட்டி அந்த வீட்டில் தயக்கமின்றிக் கை நனைத்ததற்கு நோன்பு ஒரு காரணம். அம்மச்சி வேறொரு காரணம்.

அந்தச் சோறு பொக்காளி அரிசி. இடக்கொச்சிக்கு அருகில் கும்பளங்கி, செல்லானம் பக்கங்களில் உப்புநீர் ஏறி இறங்கும் வயல்களில் விளைவது; இன்று புவிசார் குறியீடு பெற்றது. கோடையில் வயலில் மண்ணை மேடுமேடாகக் குவித்துவைப்பார்கள். ஜூன் மழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவியதும் அவற்றிலேயே விதைப்பார்கள். நாற்று வளர்ந்தபின் மேட்டை வெட்டிச் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். ஐப்பசி வாக்கில் நீரில் நின்றபடியே கதிரை மட்டும் அறுப்பார்கள். எஞ்சிய தாள் அங்கேயே மட்கி இறாலுக்கு இரையாகும். நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை அதே வயல் இறால் கெட்டு. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. வெளியிலிருந்து உரம் கேட்காத வயல் அது.

விஷுவோடு குத்தகை முடியும். அதன்பின் மிஞ்சிய மீனை ஊரார் யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். அதற்குக் கெட்டு கலக்கல் என்று பெயர். ஒரு சித்திரையில் சேட்டனின் மகன் என்னை அங்கே கூட்டிப்போனான். கிழவரும் குழந்தைகளும் இடுப்பளவுச் சேற்றில் இறங்கி வலையாலும் கூடையாலும் வெறுங்கையாலும் துழாவிக்கொண்டிருந்தார்கள். மீனுண்ணாத வீட்டுப் பிள்ளையாகிய நான் வரப்பில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்ததை அவன் எனக்குக் காட்டுவான், நான் எண்ணுவேன். கணக்கப்பிள்ளை மகனுக்கு வேறென்ன வேலை தருவான்?

பாட்டியின் மாவடுக் கணக்கு எளியது. எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு. வடுவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயைக் கையில் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தடவி, பரணியில் ஒரு வரிசை வடுவும் ஒரு கை உப்புமாக நிரப்ப வேண்டும். நாள்தோறும் பரணியைக் குலுக்கினால் நாலைந்து நாட்களில் வடு தோல் சுருங்கித் தன் நீரிலேயே மூழ்கும். அந்த நீரில் கொஞ்சம் எடுத்துக் கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலந்துவிட்டால் ஆயிற்று. ஈரக்கை மட்டும் படக்கூடாது. விளக்கெண்ணெய் என்றாலே அம்மச்சிக்குச் சிரிப்பு. அது வயிற்றுக்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே, அதையா மாங்காயில் தடவுவது என்பார். அவர் வீட்டில் உப்பும் காந்தாரியும் மட்டுமே. இரண்டு கிழவிகளும் ஒவ்வோராண்டும் இதைப் பற்றி வாதாடுவார்கள். ஒருவர் தமிழில், மற்றவர் மலையாளத்தில். இருவருக்கும் மற்றவர் பேச்சு முக்கால்தான் விளங்கும் என்பதால் வாதம் முடிந்ததே இல்லை.

ஒரு கார்த்திகையில் பாட்டி போய்விட்டாள்.

ஆண்டு நிறைவாகும்வரை வடாம் பிழிவதில்லை, ஊறுகாய் போடுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த மாசியில் துணி எடுக்க வந்த பெரியவர் வழக்கம்போல் வானத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். முற்றம் வெறுமையாய்க் கிடந்தது. காக்கைகள் வந்து ஏமாந்து போயின. அம்மா அந்தப் பக்கத்துக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

பங்குனி பிறந்தபோது ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. கொங்கணி மாமி ஒரு தகரம் நிறையப் பலாக்காய் அப்பளம் கொண்டுவந்தார். குஜராத்தி வீட்டம்மாள் சுந்தோ கொடுத்தார். துருவிய மாங்காயைச் சர்க்கரையோடு பிசறி, மெல்லிய துணியால் வாய்கட்டி, அடுப்பில் ஏற்றாமல் வெயிலிலேயே நாள்கணக்கில் பாகாக்குவது அது. பிறகொரு நாள் நண்பகலில், தோப்பும்படிக்கு இப்பால் வந்தறியாத அம்மச்சி, மகன் துணையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். மடியில் ஒரு பரணி. எங்களுடையதன்று, அவருடையது. அம்மாவின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பெரிதாக எதுவும் பேசவில்லை. நீர்மோர் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

வைகாசியில் மழை தொடங்கிய ஒரு பகலில் அம்மா அந்தப் பரணியின் துணியை அவிழ்த்தாள். மூடியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை வந்தது. உப்பு, கடுகு, மஞ்சள் எல்லாம் பாட்டியின் அளவு. இத்தனை ஆண்டுகளும் சிரித்துக்கொண்டே அம்மச்சி அத்தனையையும் பார்த்துவைத்திருந்திருக்கிறார். தயிர்ச்சோற்றில் ஒரு வடுவை வைத்துக்கொண்டு அப்பா உண்ணாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அந்த ஆண்டு அதில் இட்டுக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. ஆகவே பரணி எங்களிடமே தங்கிற்று. மறு ஆண்டு மாசியில் அம்மா முதல் முறையாகத் தானே கூழ் கிளறினாள். உப்பு சற்றுக் கூடிவிட்டது. ஆயினும் பரணி நிறைய வடாம் இடக்கொச்சிக்குப் போயிற்று. பாட்டியின் பழைய பரணியில் மாவடு வந்தது. அதன்பிறகு இரண்டு பரணிகளும் எதிரெதிரே போய்வந்தபடி இருந்தன. எது யாருடையது என்பது மறந்தே போயிற்று. கிடங்கில் ஒரு காசு பிசகினாலும் இரவு தங்கித் தேடும் அப்பா, இந்தக் கணக்கில் மட்டும் எது பற்று, எது வரவு என்று சொல்லத் தெரியாது என்பார்.

இப்போது நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அம்மாவால் தரையில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் அமர்ந்து உப்புப் பார்த்துச் சொல்கிறாள். பால்கனியில் இரண்டு தட்டுகள் வைக்கத்தான் இடம், வெயிலும் பதினொரு மணிக்கு மேல் எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுகிறது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் மொட்டைமாடிக்கு ஏறுகிறேன். இடக்கொச்சியின் அந்த மாமரத்தில் ஒரு பாதியே எஞ்சியிருக்கிறது. வடு குறைந்த ஆண்டுகளில் சேட்டனின் மகன் பள்ளுருத்திச் சந்தையில் வாங்கிச் சேர்த்துக்கொள்கிறான். அதை என்னிடம் ஒப்புக்கொள்ளமாட்டான். ஆனால் காம்பில்லாத வடுவைக் கண்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மச்சி போன ஆண்டில் அவர்கள் வீட்டில் வடு போடத் தடையேதும் இல்லை. எனினும் பரணி வரவில்லை. நாங்கள் அனுப்பினோம், விளக்கெண்ணெய் இல்லாமல், காந்தாரி போட்டு.

இந்த மாசியில் இரண்டு பரணிகளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. நேற்று அவன் தொலைபேசியில், “கண்ணிமாங்கா ஆயி” என்றான். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். அதற்குள் வடாம் காய்ந்தாக வேண்டும்.