உங்களுக்குத் தெரியுமா? பாம்பன் பாசியும் மாத்திரைப் புட்டியும்

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் நீச்சல் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைப்பதுதான் அகர் அகர். நோன்பு மாதத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி, வில்லை போட்டுச் சாப்பிடுகிறோமே, அதே கடற்பாசி! குடலில் நீரை உறிஞ்சி உப்பி மலத்தை இளக்கும். ஆனால் தூளாக விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் விட்டால், உப்பி அடைத்துக்கொள்ளவும் கூடும்.

ஒரு காலத்தில் பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மூட்டுவலி, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கென ‘கடல்மீன்’ என்ற பெயரில் கடற்பாசிச் சாறு மாத்திரைகளை உருவாக்கியிருக்கிறது. ஆய்வகத்திலும் எலியிடமும் தெரியும் பலன் அப்படியே மனித முழங்காலிலும் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது வேண்டாத வேலை.

‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்பவர்களுக்கு: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். சில பழுப்புப் பாசிகளில் ஒரே கிராமில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும், தைராய்டு தடுமாறிவிடும். நம்மூர்க் கட்டக்கோரைப் பாசியின் ஜப்பானிய உறவான ஹிஜிகியில் ஆர்சனிக் அதிகம் என்பதால், அதைச் சாப்பிட வேண்டாமென 2004-ல் பிரிட்டன் எச்சரித்தது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் பாசியில் உள்ள வைட்டமின் கே பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது ஊட்டச்சத்துப் பொருள்களுக்கான 2016-ம் ஆண்டு விதி.