கார் ப்ளோவர் ஓடலையா? மோட்டாரை மாத்த காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கார் செலவுன்னா பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் இந்த மூணுக்குத்தான் நாம மாசாமாசம் பணம் ஒதுக்கி வைப்போம். திடீர்னு ஒரு நாள் டேஷ்போர்டுல இருந்து காத்தே வரலைன்னா? "ஏசி போயிடுச்சு சார், கேஸ் அடிக்கணும், மோட்டார் மாத்தணும்"னு ஒரு பெரிய பில் வந்து நிக்கும். உண்மையில் பல நேரம் கெட்டுப்போயிருப்பது உள்ளங்கையில் அடங்குற ஒரு சின்ன பாகமா இருக்கும்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. ஹீட்டருக்கு ஒரு ஃபேன், ஏசிக்கு ஒரு ஃபேன்னு தனித்தனியா கிடையாது. பெரும்பாலான கார்ல ரெண்டுக்கும் ஒரே ப்ளோவர்தான். சென்னை, மதுரைல இருக்கிறவங்களுக்கு கார்ல ஹீட்டர்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் இருக்காது. ஆனா மழையில் ஊட்டி மலைப்பாதை ஏறும்போது முன்கண்ணாடியில் உள்பக்கம் மூடுற ஆவியை விரட்டுறது இந்தக் காத்துதான். அதனால இதை வெறும் சொகுசு ரிப்பேர்னு தள்ளிப் போடாதீங்க.

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிங்க: காத்து வரலையா, இல்ல காத்து வருது ஆனா குளிரலையா? கேஸ், கம்ப்ரசர் பேச்செல்லாம் ரெண்டாவதுக்குத்தான். காத்தே வராத கார்ல கேஸ் அடிச்சா உங்க பணம்தான் காத்துல போகும்.

அடுத்து, ப்ளோவர் ஸ்விட்சை ஒவ்வொரு ஸ்பீடா திருப்பிப் பாருங்க. 1, 2, 3-ல சத்தமே இல்ல, 4-ல மட்டும் ஃபுல் வேகத்துல ஓடுதா? அப்போ மோட்டார் நல்லாத்தான் இருக்கு. சந்தேகப்பட வேண்டியது ரெசிஸ்டரை. குறைஞ்ச ஸ்பீடுகள்ல மோட்டாருக்குப் போற கரண்ட் இந்த ரெசிஸ்டர் வழியா போய்த்தான் குறையுது. கடைசி ஸ்பீடுல அதைத் தொடாம நேரா போகுது. அதனாலதான் ரெசிஸ்டர் எரிஞ்சாலும் கடைசி ஸ்பீடு மட்டும் உயிரோட இருக்கும். பல சின்ன கார்களுக்கு இந்தப் பாகம் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். மோட்டார்னா ஆயிரக்கணக்குல போகும். இந்த ஒரு அறிகுறியை மெக்கானிக்கிட்ட சொன்னாலே பேச்சு வேற மாதிரி ஆரம்பிக்கும்.

எந்த ஸ்பீடுலயும் ஓடலையா? முதல்ல ஃபியூஸ். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலோ ஓனர் மேனுவல்லயோ எது ப்ளோவர் ஃபியூஸ்னு போட்டிருக்கும். போயிருந்தா அதே ஆம்பியர்ல மாத்துங்க. "பெருசா போட்டா திரும்பப் போகாது"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஃபியூஸுக்குப் பதிலா வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா மோட்டார் இறுகியிருக்கலாம், இல்ல எங்கேயோ ஷார்ட் இருக்கு.

ஃபியூஸ் சரியா இருந்தா, ஸ்விட்சை ஃபுல்ல வெச்சு, க்ளவ் பாக்ஸுக்கு அடியில் இருக்கிற ப்ளோவர் கூட்டை லேசா தட்டுங்க. தட்டினதும் ஓட ஆரம்பிச்சா உள்ளே கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, மோட்டாரோட ஆயுள் முடியப் போகுது. மல்டிமீட்டர் இருந்தா இன்னும் தெளிவு. மோட்டார் கனெக்டரோட ரெண்டு முனைக்கும் நடுவுல 12 வோல்ட் அளவுக்கு வந்தும் ஓடலைன்னா மோட்டார்தான். வோல்டேஜே வரலைன்னா ரிலே, ஸ்விட்ச், எர்த் வயர் பக்கம் தேடணும். அந்த நிலையில் புது மோட்டார் வாங்குறது வீண்.

ஓடுது ஆனா டக் டக்னு சத்தமா? மரத்தடியில் நிறுத்துற கார்ல காய்ஞ்ச இலை ஃபேனுக்குள்ள போயிருக்கும். காத்து மெதுவா வருதுன்னா கேபின் ஃபில்டரைப் பாருங்க.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் உள்ள கார்ல கதை வேற. அங்க சாதாரண ரெசிஸ்டருக்குப் பதிலா பெரும்பாலும் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும், விலையும் கூட. அதை நல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க.

ரெசிஸ்டரை மாத்துறது பல கார்ல ரெண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். நீங்களே செய்றதா இருந்தா பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க. மஞ்சள் நிற கனெக்டர்களைத் தொடாதீங்க, அது பொதுவா ஏர்பேக் வயரிங். வாரன்டி இருக்கிற கார்னா கையே வைக்காதீங்க.

ஆனா மாத்திட்டு விட்டுடக் கூடாது. அது ஏன் எரிஞ்சது? ரெசிஸ்டரை காத்து போற பாதையிலேயே வைக்கிறதுக்குக் காரணம், அந்தக் காத்துதான் அதைக் குளிர வைக்கணும். ஃபில்டர் தூசியில் அடைச்சிருந்தா காத்து குறைஞ்சு ரெசிஸ்டர் சூடாகும். மோட்டார் இறுகிச் சுத்தினா கரண்ட் அதிகம் இழுக்கும், அப்பவும் இதுதான் எரியும். கனெக்டர் பிளாஸ்டிக் உருகியோ கருகியோ இருந்தா அதையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. இல்லைன்னா கொஞ்ச நாள்ல அதே செலவு திரும்ப வரும்.

சில இடத்துல ரெசிஸ்டர்ல இருக்கிற வெப்ப ஃபியூஸை ஒரு வயர் துண்டு போட்டு "சரி பண்ணிடலாம், காசு மிச்சம்"னு சொல்லுவாங்க. வேண்டவே வேண்டாம். சூடு அளவு மீறினா கரண்ட்டை நிறுத்துறதுக்கு இருக்கிற ஒரே காவல் அது. அதை எடுத்துட்டா டேஷ்போர்டுக்குள்ள தீ பிடிக்க வழி பண்ணிக் கொடுத்த மாதிரி.

"இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமா?"ன்னு நினைக்கிறவங்களுக்கு: நம்ம ஊர் வழக்கமான கார் பாலிசியில் தேய்மானமும், தானா வர்ற எலக்ட்ரிக்கல் பழுதும் கவர் ஆகாது. இது உங்க கையில இருந்து போற காசுதான். அதனால வேலை கொடுக்கும்போதே பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க, கழட்டின பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்க.