கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பியவர்கள்

வானத்தை நம்பி ஏர் பூட்டுகிற கரிசல் சீமையிலே, மழை பொய்த்த வருஷத்தில் குடியானவனுக்கு இரண்டே மார்க்கங்கள்தான் உண்டு: பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் போவது, அல்லது பிழைப்பையே ஊருக்கு அழைத்து வருவது. வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையும் அதைச் சுற்றிய கிராமங்களும் பெரும்பாலும் இரண்டாவது மார்க்கத்தால் ஜீவிப்பவை.

முதல் மார்க்கத்துக்குப் பிரசித்தமான திருஷ்டாந்தம் சுவீடன் தேசம். அதன் தென்பகுதியிலுள்ள ஸ்மோலாண்டு, கல் பொறுக்கி மாளாத பூமி. 1860-களின் இறுதியில் விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்க்க, 160 ஏக்கர் நிலத்தை அநேகமாக இலவசமாகவே அளித்த 1862-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஆசை காட்ட, 1930-க்குள் சுமார் 12 லட்சம் சுவீடன் மக்கள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்; அவர்களில் பலர் மின்னசோட்டா முதலிய பிரதேசங்களில் காடு திருத்திக் குடியேறினார்கள். அதே ஸ்மோலாண்டின் யோன்ஷோப்பிங் நகரில், பெட்டியின் பக்கத்தில் உரசினாலன்றிப் பற்றாத தீக்குச்சியை லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் பெருந்தொழிலாக வளர்த்தார்கள். குடும்பங்கள் அமெரிக்காவுக்குப் போயின. குச்சிகளோ நம் வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்து சேர்ந்தன.

1922-இல் இந்திய சர்க்கார் அந்நியத் தீப்பெட்டிகளுக்குக் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கவரி விதித்தபோது, சுவீடன் கம்பெனியார் தாமே இங்கு வந்து பம்பாயை அடுத்த அம்பர்நாத்தில் ஆலை நிறுவினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில், சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறி, சில மாதங்கள் அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துத் தொடங்கிய அவர்கள், கூலிக்குக் கைகள் மிகுந்திருக்கும் வறண்ட பூமியில் இயந்திரத்தைவிடக் கைத்தொழிலே நிலைக்கும் என்பதை அநுபவத்தில் உணர்ந்து, கட்டை அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று வேலையைக் கூறுகூறாகப் பகுத்தார்கள். பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்த, அணிலும் காக்காவும் தீப்பெட்டி லேபிள்களில் ஏறி ஊரூராகப் பிரயாணம் செய்தன. ஆலைக்கு வர இயலாத பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே பெட்டி ஒட்டினார்கள்.

தீப்பெட்டியைப் பின்தொடர்ந்து பட்டாசு வந்தது. மருந்து கையாளும் அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டுமாதலால், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பொட்டல்களிலும் ஆலைகள் எழுந்தன. அவற்றின் கூலியில் கிணறுகள் வெட்டப்பட்டன, கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் போகவில்லை. விடியுமுன்னே ஆலை பஸ்ஸில் ஏறிய சிறுவர் சிறுமியரின் கதை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பில் இடம்பெறும்படி ஆயிற்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் வெடிவிபத்துச் செய்திகள் ஓயவில்லை.

ஊரைவிட்டுப் போகாமலே பிழைக்கலாம் என்பதை அந்த இருவர் நிரூபித்தார்கள். அது சாமானிய சாதனையன்று. ஆனால், உரசவேண்டிய இடத்தில் மாத்திரமே பற்றவேண்டும் என்பதுதானே அந்தச் சுவீடன் தீக்குச்சியின் ரகசியம்? அந்தப் பாடத்தை இந்தச் சீமையின் ஆலைகள் இன்னும் பூரணமாகக் கற்கவில்லை.