இரத்தத்தில் ஒரு புரதமும் பெருங்குடற் புற்றுநோயும்

மலத்துடன் இரத்தம் போனால், "மூலவியாதிதானே, உடம்புச் சூடு" என்று மாதக்கணக்கில் கைமருந்துடன் இருந்துவிடும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. விதைப்புக் காலத்தில் ஒருநாள் வேலையை விட்டு வைத்தியசாலைக்குப் போவது இலகுவல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் சிலருக்கு அதுவே பெருங்குடற் புற்றுநோயின் முதல் அறிகுறியாகின்றது.

"இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று பலர் எம்மிடம் கேட்பதுண்டு. தெரியாது என்பதே விடை.

1965ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் என்னும் வைத்தியர்கள் ஒரு புரதத்தைக் கண்டறிந்தனர். சுருக்கமாக அதனை சி.இ.ஏ. என்பர். தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் குடல் இதனை உண்டாக்கும். பிறந்தபின் மிகவும் குறைந்துவிடும். குடலிற் புற்று வளரும்போது மீண்டும் இரத்தத்தில் கூடலாம். ஆனால் நோயின் தொடக்கத்தில் பலருக்கு இது கூடுவதில்லை. மறுபுறம், ஈரல் நோயுள்ளவர்களுக்கும் சுருட்டு, பீடி குடிப்பவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலே கூடும். ஆகவே நோயை உறுதிசெய்ய, கமெரா பொருத்திய குழாயைக் குடலினுட் செலுத்திப் பார்த்து, சிறு சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிக்கவே வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் உண்டா என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனையும் உண்டு. அதுவும் ஒரு புரதத்தையே, அதாவது இரத்தச் சிவப்பணுவிலுள்ள புரதத்தையே தேடுகின்றது.

அப்படியாயின் சி.இ.ஏ. எதற்கு? சிகிச்சைக்குப் பின்னர் நோயைக் கண்காணிப்பதற்கு. பொதுவாக ஒரு மில்லிலீற்றரில் 5 நனோகிராமுக்கு உட்பட்டிருப்பது வழமை. சத்திரசிகிச்சைக்கு முன்பே மிகவும் கூடியிருந்தால் நோய் முற்றியிருக்கலாம் என வைத்தியர் கருதுவார். கட்டி முழுதாக அகற்றப்பட்டால் நாலு முதல் ஆறு கிழமைகளில் அளவு இறங்கிவிடும். இறங்கியது பின்னர் படிப்படியாக ஏறினால், நோய் திரும்புகின்றதா என்று தேடுவர். ஒருமுறை கூடியவுடன் பதற வேண்டியதில்லை. திரும்பவும் எடுத்துப் பார்ப்பர்.

இங்கேதான் எம் மக்களின் இடர் இருக்கின்றது. ஓர் இலக்கம் தனித்துப் பயன்தராது. முன்னையதுடன் ஒப்பிட வேண்டும். முதற் சிகிச்சை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ, பின்னர் தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ என்று அலையும் நோயாளியிடம் பழைய துண்டுகள் இருப்பதில்லை. இடப்பெயர்வுகளில் காணி உறுதியைப் பொலித்தீன் பையிற் சுற்றிக் காத்த குடும்பங்கள் பல. கிளினிக் கொப்பியும் பரிசோதனைத் துண்டுகளும் அதே பையில் இருக்கட்டும். ஏற்கெனவே தொலைந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் பெயரும் திகதியும் தெரிந்தால், அங்குள்ள பதிவுகளில் தேடித் தரும்படி கேட்கலாம்.