வகுப்பறை வாய்மொழி அறிக்கை

வாய்மொழி அறிக்கை என்பது ஒரு மாணவர் தாம் தேடித் திரட்டிய செய்திகளைத் தொகுத்து, வகுப்பில் குறிப்பிட்ட நேரத்திற்குள் எடுத்துரைப்பதாகும். பேச்சுப் போட்டியில் குரல் வளமும் சொல்லழகும் முதலிடம் பெறும். இங்கோ, சொல்லும் செய்தி சரியானதா, அது எங்கிருந்து கிடைத்தது என்பவையே முதன்மையானவை.

தலைப்பைச் சுருக்குதல்

"பாம்பன் பாலம்" என்ற தலைப்பு ஐந்து நிமிடப் பேச்சுக்கு மிகப் பெரியது. அதை ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். "1964 புயலுக்குப் பின் பாம்பன் ரயில் பாலம் எப்படி மீண்டது?" என்று கேட்டால், எதைத் தேடுவது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும்.

தகவல் திரட்டுதல்

குறைந்தது இரண்டு மூலங்களையாவது ஒப்பிட வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால் அவை இரண்டும் ஒரே மூலம்தான். ஒப்பிடும்போது சில முரண்பாடுகள் தென்படும்:

- புயல் நாள் சில இடங்களில் டிசம்பர் 22 என்றும், சில இடங்களில் 23 என்றும் இருக்கும். புயல் தாக்கியது அந்த இரு நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் என்பதே காரணம்.
- பயணிகள் ரயில் பாலத்திலிருந்து கடலில் விழுந்ததாகச் சிலர் சொல்வர். உண்மையில் அது தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலைகளால் அழிந்தது.
- 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலமும் 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும் அருகருகே அமைக்கப்பட்டதால் படங்கள் மாறிவிடுவதுண்டு.
- பழைய நூல்களில் 2025-இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் இராது. ஆகவே நூல் வெளிவந்த ஆண்டையும் பார்க்க வேண்டும்.

இறந்தோர் எண்ணிக்கை மூலத்துக்கு மூலம் வேறுபடும். அங்கே ஓர் எண்ணைத் தேர்ந்து அடித்துச் சொல்லாமல், "இந்த நூலின்படி" என்று குறிப்பிடுவதே நேர்மை. புயலை நேரில் கண்ட முதியவர் எவரேனும் இருந்தால் அவரிடமும் கேட்கலாம். அவர் கண்ட காட்சிகளுக்கு அவர் சொல்லே மூலம். நாள், எண் போன்றவற்றை மட்டும் அச்சில் சரிபார்க்க வேண்டும்.

குறிப்பு அட்டை

அஞ்சலட்டை அளவுள்ள நான்கைந்து அட்டைகள் போதும். ஓர் அட்டைக்கு ஒரு கருத்து. முழு வாக்கியம் வேண்டாம். "பொறியாளர் இ. ஸ்ரீதரன் – 46 நாள்களில் சீரமைப்பு" என்ற அளவில் எழுதி, மூலத்தை அட்டையின் பின்புறம் குறிக்கலாம். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்தவர், ஒரு வரி மறந்தால் அடுத்த வரிக்கும் செல்ல முடியாமல் நின்றுவிடுவார்.

எடுத்துரைத்தல்

கேள்வியைச் சொல்லித் தொடங்கி, விடையைச் சொல்லி முடிக்க வேண்டும். கப்பலுக்கு வழிவிடப் பழைய பாலத்தின் இரு பகுதிகள் மேல்நோக்கித் திறந்ததை இரு கைகளாலேயே காட்டிவிடலாம். புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுவதும் நேராக மேலே எழும்புகிறது. இதற்குக் கரும்பலகையில் ஒரு கோட்டுப்படம் போதும்.

கடிகாரம் வைத்து இருமுறையாவது வாய்விட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். நேரம் மிஞ்சினால் ஒரு கருத்தை நீக்க வேண்டுமே தவிர, வேகத்தைக் கூட்டக் கூடாது. குரல் நடுங்குவது இயல்பு. முதல் இரண்டு வாக்கியங்கள் நன்றாகப் பழகியிருந்தால் நடுக்கம் தானே அடங்கும்.

கேள்விகளுக்கு விடையளித்தல்

விடை தெரியாதபோது ஊகித்துச் சொல்லக் கூடாது. "எனக்குத் தெரியவில்லை, பார்த்து நாளை சொல்கிறேன்" என்பது குறையன்று. மறுநாள் மறவாமல் வந்து சொல்லும்போதுதான் அந்த அறிக்கை நிறைவுபெறுகிறது.